குரோம்பேட்டையைத் தொட்டால் குரோம்பேட்டை மட்டும்



சென்ற இதழை அச்சுக்கு அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள், நம் அலுவலகம் இருக்கும் திருநீர்மலையிலிருந்தே ஒரு வாசகியின் மின்னஞ்சல் வந்துவிட்டது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவர். அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி இப்போது அவர் கையில். அதன் முகப்புத் திரையின் வலது ஓரத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 18 நிலையங்களின் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதி வைத்திருக்கிறார். பெயரின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் நிறம் மாறும். சொடுக்கினால் அவரே தட்டச்சு செய்து வைத்திருக்கும் கால அட்டவணை திறக்கும். எங்கள் ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது என்பது தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பல்லாவரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ போய்த்தான் வண்டி ஏற வேண்டும். எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

இதை அவர் செய்திருப்பது ரெயின்மீட்டரில். விண்டோஸ் முகப்பில் கடிகாரம், வானிலை, பேட்டரி அளவு என்று வேண்டியதை ஒட்டி வைத்துக்கொள்ள உதவும் இலவச மென்பொருள் அது. கிம்மோ பெக்கோலா என்ற ஃபின்லாந்துக்காரர் 2001இல் தொடங்கி வைத்தார். பிறகு தன்னார்வலர்கள் கையில் வளர்ந்தது. இந்த வகைச் சிறு செயலிகளுக்கு ஒரு காலத்தில் பெரிய மவுசு இருந்தது. 2003இல் மேக் கணினிக்குக் கன்ஃபாபுலேட்டர் வந்தது, 2005இல் யாகூ அதை வாங்கியது, அதே ஆண்டு ஆப்பிள் தன் டேஷ்போர்டைக் கொண்டுவந்தது, 2007இல் விண்டோஸ் விஸ்டா பக்கவாட்டுப் பட்டையோடு வந்தது. யாகூவின் விட்ஜெட்டுகள் மறைந்தன. பாதுகாப்புக் கோளாறு என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் தன் கேட்ஜெட்டுகளை முடக்கிவிடும்படி 2012இல் அறிவித்தது. 2019இல் டேஷ்போர்டும் போயிற்று. பெரிய கம்பெனிகள் கைகழுவிய பிறகும் ரெயின்மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய கணினியைத் திணறடிக்காது என்பது ஒரு காரணம். எல்லாமே நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு என்பது இன்னொரு காரணம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரியது. திறந்து பார்க்க முடிகிற பொருளைத்தான் பிள்ளைகள் கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, வாசகியின் சிக்கலுக்கு வருவோம். "சார், வால்பேப்பரை மாத்தினேன். வெள்ளை எழுத்து தெரியல. நிறத்தை மாத்தலாம்னு உட்கார்ந்தா ராத்திரி போயிடுச்சு. இன்னும் கோடம்பாக்கம் மட்டும் வெள்ளையாவே இருக்கு" என்று எழுதி, கோப்பையும் இணைத்திருந்தார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பகுதி. அந்தப் பகுதிக்குள் எழுத்தின் நிறம் 255,255,255 என்று, அதாவது வெள்ளை என்று, ஒரு வரி. அடுத்து, மவுஸ் மேலே வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. மவுஸ் விலகினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. ரெயின்மீட்டரில் இவற்றுக்கு மவுஸ் ஓவர் ஆக்‌ஷன், மவுஸ் லீவ் ஆக்‌ஷன் என்று பெயர். இரண்டு வரிகளிலும் மும்மூன்று கட்டளைகள்: இன்ன பகுதியின் நிறத்தை மாற்று, அந்தப் பகுதியைப் புதுப்பி, திரையைத் திரும்ப வரை. கடைசி இரண்டையும் விட்டுவிட்டாலும் நிறம் மாறத்தான் செய்யும், ஆனால் உடனே மாறாது. ரெயின்மீட்டர் தானாகப் புதுப்பித்துக்கொள்வது வழக்கமாக 1000 மில்லி நொடிக்கு ஒருமுறை. அதனால் மவுஸ் தாண்டிப் போன பிறகு நிறம் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வரும்.

ஆக, வெள்ளை நிறம் ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு இடத்தில் இருக்கிறது: இயல்பு நிறமாக ஒன்று, மவுஸ் விலகியதும் திரும்ப வேண்டிய நிறமாக ஒன்று. 18 நிலையத்துக்கு 36 இடம். மேலே வரும்போது மாறும் நிறம் இன்னொரு 18 இடம். ஒரு நிறத்தை மாற்ற 36 இடத்தில் கை வைத்தால் ஏதாவது ஒரு கோடம்பாக்கம் விட்டுப் போகத்தான் செய்யும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு கட்டளையிலும் நிலையத்தின் பெயர் வேறு எழுதப்பட்டிருந்தது. மாம்பலத்தை நகலெடுத்துச் சைதாப்பேட்டையாக்கியவர் ஓரிடத்தில் பெயரை மாற்ற மறந்திருக்கிறார். சைதாப்பேட்டையைத் தொட்டால் மாம்பலம் மஞ்சளாகிறது. அதை அவர் இன்னும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முகூர்த்த நாட்களில் எங்கள் மலையடிவார மண்டபங்களில் சமையல்கட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? காய் நறுக்கப் பத்துப் பேர், கிளறப் பத்துப் பேர் இருப்பார்கள். உப்புப் போடுகிறவர் ஒருவர்தான். ஆளாளுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நிரலில் நிறமும் அப்படித்தான். பயன்படுத்துகிற இடம் பல இருக்கலாம். தீர்மானிக்கிற இடம் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதற்கான முதல் படியை அவருக்கு எழுதினேன். கோப்பின் தலைப்பில் வேரியபிள்ஸ் என்றொரு பகுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இயல்பு நிறம் ஒன்று, தொடும் நிறம் ஒன்று என இரண்டே வரி. மற்ற எல்லா இடத்திலும் எண்களை எடுத்துவிட்டு இந்தப் பெயர்களைப் போடுங்கள். பெயர் வைக்கும்போது வெள்ளை, மஞ்சள் என்று வைக்காதீர்கள்; நாளைக்கு வெள்ளை கருப்பாகும், அப்போது 'வெள்ளை' என்ற பெயரில் கருப்பு உட்கார்ந்திருக்கும். நிறம் செய்கிற வேலையைப் பெயராக வையுங்கள்.

இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு தொலைபேசி. "சார், குரோம்பேட்டையைத் தொட்டா மொத்த லைனும் எரியுது சார்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அவருக்கும்தான். நடந்தது இதுதான். வேரியபிளைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், மவுஸ் மேலே வந்தால் அந்த நிலையத்தின் நிறத்தை மாற்றச் சொல்வதற்குப் பதிலாக, இயல்பு நிறம் என்ற வேரியபிளின் மதிப்பையே மாற்றச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பகுதியிலும் டைனமிக் வேரியபிள்ஸ் என்ற வரியையும் சேர்த்திருந்ததால், மாறிய மதிப்பை 18 நிலையங்களும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டன. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மஞ்சள் வெளிச்சம். 1931இல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் விட்ட நாளில்கூட இவ்வளவு ஜொலித்திருக்காது. வேரியபிள் என்பது எல்லோரும் பார்த்து எழுதும் பலகை. ஒருத்தருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்றால் பலகையில் கை வைக்கக் கூடாது. அந்த ஒருத்தரிடம் சொல்ல வேண்டும்.

அப்படியானால் 18 பேரிடமும் தனித்தனியாகச் சொல்லும் 36 வரிகள் திரும்ப வந்துவிடுமே என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு விடை மீட்டர் ஸ்டைல். எழுத்துரு, அளவு, இயல்பு நிறம், மேலே வந்தால் செய்ய வேண்டியது, விலகினால் செய்ய வேண்டியது ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஒரு பகுதியில் எழுதி, அதற்கு 'நிலையம்' என்று பெயர் வைத்துவிடலாம். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என ஒவ்வொரு பகுதியும் "என் ஸ்டைல் நிலையம்" என்று ஒரு வரி சொன்னால் போதும்; அத்தனையும் தானாக வந்துவிடும். ஸ்டைலுக்குள் எந்த நிலையத்தின் பெயரை எழுதுவது? எந்தப் பெயரையும் எழுத வேண்டாம். கரண்ட் செக்‌ஷன் என்றொரு சொல்லை ரெயின்மீட்டர் தயாராக வைத்திருக்கிறது. குரோம்பேட்டை இந்த ஸ்டைலை எடுத்துக்கொள்ளும்போது அந்தச் சொல் குரோம்பேட்டை ஆகிவிடும். கிண்டி எடுத்துக்கொண்டால் கிண்டி. சைதாப்பேட்டையைத் தொட்டு மாம்பலம் எரிகிற வம்பு இனி வரவே வழியில்லை.

36 வரி போய் 2 வரி ஆயிற்று. அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வரி குறைந்தது அல்ல. அடுத்த வாரம் அவர் தாம்பரத்தோடு நிறுத்தாமல் பெருங்களத்தூர், வண்டலூர் என்று செங்கல்பட்டு வரை இன்னும் 10 நிலையங்களைச் சேர்த்தார். நிறம் மாறுவதற்காக ஒரு வரிகூடப் புதிதாக எழுதவில்லை. பொத்தேரியைச் சேர்த்தார், மவுஸை வைத்தார், நிறம் மாறியது. நிரலைச் சுருக்கியது பலன் தந்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்: புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது?

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், ம என்ற எழுத்து முளைத்தது.

"மாம்பலம் மட்டும் மினுக்கு மினுக்குன்னு மினுக்குது சார்." அவர் அனுப்பிய கோப்பை என் கணினியில் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். மவுஸை மெதுவாக நகர்த்தினால் நிறம் வருகிறது, போகிறது, வருகிறது. உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும். அவருடைய ஸ்கின்னுக்கு, அதாவது முகப்பில் ஒட்டி வைத்திருக்கும் அந்தப் பட்டியலுக்கு, பின்னணி கிடையாது. எழுத்து மட்டும் வால்பேப்பர் மேல் மிதக்கிறது. எழுத்தின் கோடு இருக்கும் இடத்தில் விண்டோஸ் மவுஸை நிறுத்துகிறது. கோடு இல்லாத இடம் முழுக்க ஊடுருவும் வெட்டவெளி; மவுஸ் அதன் வழியே வால்பேப்பருக்குப் போய்விடுகிறது. ம, ப, ட போன்ற எழுத்துகளின் வயிற்றுக்குள் மவுஸ் நுழைந்ததும் "விலகிவிட்டது" என்று கணக்கு. எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

இதற்கு ரெயின்மீட்டர்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் வைத்தியம் ஒரு வரி. சாலிட் கலர் என்ற பின்னணி நிறத்துக்கு 0,0,0,1 என்று கொடுங்கள். கடைசி எண் ஊடுருவலைக் குறிப்பது. 0 என்றால் முழு வெட்டவெளி, 255 என்றால் முழுச் சுவர். 1 என்பது கண்ணுக்குத் தெரியாது, மவுஸுக்குத் தெரியும். பெயரைச் சுற்றியுள்ள செவ்வகம் முழுவதும் இப்போது பிடிபடும். இந்த வரியையும் ஸ்டைலுக்குள்தான் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவரே போட்டிருந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு கொஞ்சம் மல்லுக்கு நின்றேன். தொட்டதும் நிறம் மாறுவதோடு எழுத்து தடிமனாகவும் ஆனால் அழகாக இருக்கும் என்று அவர் ஆசைப்பட்டார். தமிழில் இது வினை. தடித்த எழுத்து அகலம் கூடும். சிங்கப்பெருமாள்கோவில் போன்ற நீளமான பெயர் தடித்தால் ஓரம் வெட்டுப்படும், அல்லது பக்கத்தில் இருப்பதைத் தள்ளும். தொட்டால் இடம் நகர்கிற எதுவும் மவுஸை விட்டு நகர்ந்து, நகர்ந்ததால் பழைய நிலைக்குத் திரும்பி, திரும்பியதால் மறுபடி தொடப்பட்டு, ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். நிறம் மாறலாம், இடம் மாறக் கூடாது.

நிறத்திலும் ஒரு பேச்சு இருக்கிறது. அவர் முதலில் வைத்திருந்தது வெள்ளை, தொட்டால் மஞ்சள். இரண்டுக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை, வலைப்பக்கங்களின் அணுகல் தரத்தை வகுத்தவர்கள் பயன்படுத்தும் அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். சுமார் 1.07க்கு 1 வந்தது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே அந்தத் தரம் கேட்பது குறைந்தது 4.5க்கு 1. இரண்டு நிறங்களை ஒப்பிடுவதும் எழுத்தைப் பின்னணியோடு ஒப்பிடுவதும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1.07 என்றால் கண்ணில் புரை விழத் தொடங்கிய வாசகியின் தாத்தாவுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. வீட்டில் ரயில் நேரம் பார்ப்பவர்களில் அவரும் ஒருவராம். எனவே எழுத்தின் நிறத்தை மாற்றுவதோடு, ஏற்கெனவே போட்ட அந்த சாலிட் கலரையும் தொடும்போது அடர்த்தியாக்கிவிட்டால், பெயருக்குப் பின்னால் ஒரு பட்டை எழும். நிறம் பிரித்தறியச் சிரமப்படுகிறவர்களுக்கும் எந்தப் பெயரில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். மினுக்கலுக்குப் போட்ட வரியே இதற்கும் உதவியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ரெயின்மீட்டர் பயன்படுத்தாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா வைத்திருப்பவர்கள் இதே வேலையைக் கியூஎம்எல் என்ற மொழியில் செய்கிறார்கள். அங்கே கதை வேறு. "மவுஸ் உள்ளே இருக்கிறதா? இருந்தால் இந்த நிறம், இல்லையென்றால் அந்த நிறம்" என்று நிறத்துக்கான வரியிலேயே எழுதிவிடலாம். வந்தால் இதைச் செய், போனால் அதைச் செய் என்று இரண்டு முனையும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. போனதும் பழைய நிறம் தானே திரும்பும். வலைப்பக்கம் செய்கிறவர்களுக்கு இது பழகிய பாதை. சிஎஸ்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பு 1998இல் வந்தபோதே 'மேலே மவுஸ் இருக்கும்போது' என்பதை ஒரு நிலையாகவே சேர்த்துவிட்டார்கள். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அதை இணைப்புகளுக்கு மட்டுமே மதித்தது. 2006இல் ஏழாம் பதிப்பு வரும்வரை, ஒரு மெனு விரிய வேண்டும் என்றால்கூட ஜாவாஸ்கிரிப்டில் வந்தால்-போனால் என்று எழுதிக்கொண்டிருந்த தலைமுறை நாங்கள். போனால் என்ற பாதியை எழுத மறந்து, நிறம் மாறி அப்படியே ஒட்டிக்கொண்ட பக்கங்கள் அன்றைக்கு ஏராளம். ரெயின்மீட்டரில் இன்றும் இரண்டு பாதியும் நம் பொறுப்புதான். ஸ்டைலுக்குள் அடுத்தடுத்து இரண்டு வரியாக இருப்பதால் ஒன்றை எழுதி மற்றதை மறக்க வாய்ப்பு குறைவு, அவ்வளவே.

தொடுதிரைக்காரர்களுக்கு ஒரு சொல். விரலுக்கு 'மேலே மிதப்பது' என்ற நிலை கிடையாது, தொட்டால் தொட்டதுதான். எனவே நிறம் மாறினால்தான் தெரியும் என்கிற மாதிரி எந்தத் தகவலையும் ஒளித்து வைக்காதீர்கள்.

எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, எதற்கு இத்தனை பாடு, லுவா மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி நிலையங்களின் பட்டியலைக் கொடுத்தால் கோப்பு முழுவதையும் அதுவே எழுதிவிடுமே என்றார். எழுதும்தான். நான் அதை வாசகிக்கு அனுப்பவில்லை. 28 பெயர்களுக்கு அது அதிகம். அதோடு, இப்போதைய கோப்பை அவருடைய தம்பிகூடத் திறந்து, தொடும் நிறம் என்ற வரியைக் கண்டுபிடித்து, பச்சையாக்கிவிட்டு ஓடிவிட முடியும். கோப்பை எழுதும் இன்னொரு கோப்பை வைத்துவிட்டால் அந்தப் பையனுக்குக் கதவு சாத்தியாகிவிடும். சுருக்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. எனக்கு அது இந்தத் தம்பி நிற்கிற இடம். நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கட்சியை அடுத்த இதழில் அவரே எழுதட்டும் என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

இந்த இதழில் வேறென்ன என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டேன் பாருங்கள். பழைய மடிக்கணினிகளின் பேட்டரியைப் பற்றிய கட்டுரையைத் தவறவிடாதீர்கள். தமிழ்99 விசைப்பலகைப் பயிற்சியின் நான்காம் பகுதி நடுப்பக்கத்தில் இருக்கிறது. கடந்த முறை படம் சிறிதாக இருந்தது என்று பம்மலிலிருந்தும் அனகாபுத்தூரிலிருந்தும் வாசகர்கள் கடிந்துகொண்டதால் இம்முறை முழுப் பக்கம். வாசகியின் ரயில் ஸ்கின்னை அவர் அனுமதியோடு எல்லோருக்கும் தரவிருக்கிறோம். வேண்டுவோர் நம் முகவரிக்கு எழுதலாம். கால அட்டவணையை மட்டும் நீங்கள்தான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ரயில்வே மாற்றினால் அவர் என்ன செய்வார், பாவம்.

உங்கள் முகப்புத் திரையில் நீங்களே செய்து வைத்திருப்பது ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். கோயில் நடை திறக்கும் நேரம், ஆவின் பால் கணக்கு, பரீட்சைக்கு எத்தனை நாள் என்று எதுவானாலும் சரி. திரையைப் படம் பிடித்து அனுப்பாமல் கோப்பை அப்படியே அனுப்புங்கள். எந்த வரியில் சிக்கல் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சைதாப்பேட்டையைத் தொட்டால் மாம்பலம் எரிந்தாலும் கூச்சப்படாமல் அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்